இடது காலும் ஒரு கிளட்ச் கேபிளும்

என் வீட்டுக்காரர் தன் உடம்பிலேயே அதிகம் மெச்சிக்கொண்டது இடது காலைத்தான். பிரேக், ஆக்ஸிலேட்டர் என்று வலது காலுக்கு ஊரறிந்த வேலை இரண்டு இருக்கிறது. கிளட்சை மிதிக்கிற இடது காலை யாரும் கண்டுகொள்வதில்லை, ஆனால் வண்டி குலுங்காமல் கிளம்புவது அதன் தயவில்தான் என்பார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் தம்ளரில் காபி குடித்துக்கொண்டே வரலாம், ஒரு சொட்டு சிந்தாது என்று பந்தயம் கட்டுவார். ஒருமுறை போளூர் போகும்போது நிஜமாகவே குடித்துப் பார்த்தேன். புடவையெல்லாம் காபி. வேகத்தடையைச் சரியாகப் போடவில்லை என்று ரோடு போட்டவர்களைத் திட்டினாரே தவிர, காலைக் குறை சொல்லவில்லை.

அப்படிப்பட்டவர் போன வருடம் ஒருநாள் காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, சாவியைக் காலண்டர் மாட்டுகிற ஆணியில் தொங்கவிட்டு, "என் காலு போய்ட்ச்சி. இனிமே வண்டி ஓட்ட மாட்டேன்" என்றார்.

நடந்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன். காய்கறி வாங்கிக்கொண்டு ஆரணி பஸ் ஸ்டாண்டைத் தாண்டிக்கொண்டிருந்தோம். முன்னால் ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது, பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கிளட்சை மிதித்தபடி காத்திருந்தவருடைய தொடை வெடவெடவென்று நடுங்குவதைப் பார்த்தேன். பாதம் நழுவியது. கார் ஒரு துள்ளு துள்ளி நின்றுபோனது. மறுபடி கிளப்பினார், மறுபடி துள்ளி நின்றது. மூன்றாவது முறை நின்றபோது பைக்கில் வந்த ஒரு ஆள் கண்ணாடிப் பக்கம் குனிந்து, "பெருசு, முடியலன்னா இன்னாத்துக்கு ரோட்டுக்கு வர்றீங்க? ஓரங்கட்டுங்க" என்றான். அவனை நான் திட்டிய திட்டு அந்த பஸ் டிரைவருக்கே கேட்டிருக்கும். பின்தெரு வழியாகச் சுற்றி, முதல் கியரிலேயே ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம்.

கால் போய்விட்டது என்றால் டாக்டரிடம் காட்டலாமே என்றேன். "டாக்டரு இன்னா சொல்வாரு? வயசாய்ட்ச்சின்னு சொல்வாரு. அதுக்கு டோக்கன் போட்டு வேற உக்காரணுமா?" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து பதினோரு மாதம். அந்தப் பதினோரு மாதத்தில் என் கண் முன்னாலேயே ஒரு மனிதர் கிழவர் ஆனார். மாடிப்படி ஏறும்போது சுவரைப் பிடித்தார். பால் பாக்கெட் வாங்கப் போகிற நாலு எட்டுக்குக் கூட யோசித்தார். சாம்பாரில் உப்பு கம்மி என்றாலும் வயசு, மழை வந்தாலும் வயசு. செய்யாரில் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் மூன்று ஷிப்டும் பார்த்த ஆள், ராத்திரி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால் தூங்காமல் நேராகக் காரைக் கழுவப் போகிற ஆள், டி.வி. முன்னால் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குக் கீழே பயம் இருந்தது. இந்த ஆள் இப்படியே உட்கார்ந்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்ற பயம்.

சென்னையிலிருந்து மகள் போன் செய்து, "அப்பா, கிளட்சே இல்லாத வண்டி இப்போ நெறைய வந்திருக்கு. அது ஒண்ணு எடுத்துத் தரேன். ரெண்டு பெடல்தான்" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். "அப்போ எடது காலை வெட்டி எறிஞ்சிடலாமா?" என்று கேட்டுவிட்டு போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

அந்தக் கார் எங்களுக்கு வந்த கதையைச் சொன்னால்தான் அது அவருக்கு என்ன என்பது உங்களுக்குப் புரியும். சின்ன வெள்ளைக் கார். நாங்கள் வாங்கும்போதே அது பழசு. தொழிற்சாலையில் இவருக்கு மேலே இருந்த ஒரு அதிகாரி புது வண்டி எடுத்தபோது இவருக்குக் கொடுத்தார். இவருடைய அப்பா போளூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு வேலை செய்தவர், சந்தைக்கு மூட்டை தூக்கிக்கொண்டு நடந்தவர். அந்த வீட்டில் முதல் மாதச் சம்பளம் இவருடையது. அந்தத் தெருவில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்த முதல் ஆளும் இவர்தான். நெசவு வீட்டுப் பெண்ணான நான் அந்த வீட்டுக்கு எப்படி வாழ்க்கைப்பட்டேன் என்பது வேறு கதை. அதை எடுத்தால் கார் வாசலை விட்டுக் கிளம்பாது.

நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு நாங்கள் முதலில் போனது போளூருக்கு, என் மாமியாரை ஏற்றிக்கொள்ள. அவர் கார் கதவுக்கு முன்னால் வந்ததும் செருப்பைக் கழற்றினார். "போட்டுகினே ஏறு மா" என்று இவர் கத்தினார். அவர் கேட்கவில்லை. செருப்பு இரண்டையும் கையில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். சந்தை ரோட்டில் போகும்போது, "இங்கதான் உங்கப்பா மூட்டைய எறக்கி வெச்சி மூச்சு வாங்கும்" என்று ஒரு புளியமரத்தைக் காட்டினார். இவர் அந்த மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். யாரும் இறங்கவில்லை. ஒரு நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பினோம். அன்றைக்குத்தான் கிளட்சை எவ்வளவு மெதுவாக விட முடியும் என்பதைப் பார்த்தேன். மாமியார் மடியில் இருந்த செருப்பு அசையவே இல்லை.

இப்போது நான் செய்த ஒரு வேலையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் கிளட்ச் பெடல் கத்த ஆரம்பித்தது. மிதித்தால் ஒரு கீச், விட்டால் ஒரு கீச். மெக்கானிக்கிடம் காட்டுகிறேன் என்று இவர் மாதக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சத்தம் பேஜாராகிவிட்டது. எங்கள் அம்மா வீட்டில் தறியின் மிதிகட்டை இப்படிக் கத்தினால் யாரையும் கூப்பிட மாட்டார்கள். மூக்கு நீண்ட சின்னக் குப்பியில் கடலை எண்ணெய் இருக்கும். கயிறு ஓடுகிற இடத்தில் நாலு சொட்டு விட்டால் தறி வாயை மூடிக்கொள்ளும். ஒரு மத்தியானம் இவர் தூங்கும்போது அதே போல் ஒரு குப்பியில் கடலை எண்ணெய் எடுத்துக்கொண்டு போனேன். பெடலுக்கு மேலே ஒரு கம்பி கறுப்பு உறைக்குள் போகிறது. அந்த இடத்தில் தாராளமாக விட்டேன். சத்தம் நின்றது. மறுநாள் இவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பாத்தியா, தானா சரியா போச்சி. இந்த வண்டிக்கு நம்ம மனசு தெரியும்" என்றார். பெருமையை வண்டியே வைத்துக்கொள்ளட்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் அது கீச்சென்ற போதெல்லாம், மூன்று நான்கு தடவை, குப்பியோடு போய் வந்தேன்.

சாவியைத் தொங்கவிட்ட பிறகும் ஞாயிற்றுக்கிழமை தோறும் காரை நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிடுவார். பேட்டரி படுத்துவிடக் கூடாதாம். ஓட்டாத காருக்கு எதற்குப் பேட்டரி என்று நான் கேட்கவில்லை. கடைசியில் பதினோராவது மாதம் அவரே வண்டியை நாலு பக்கமும் படம் எடுத்து, விற்பனைக்கு என்று போனில் ஏதோ ஒரு குரூப்பில் போட்டார். படம் எடுப்பதற்கு முன்னால் கழுவித் துடைத்தார். அன்றைக்கு இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

களம்பூரிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். ரைஸ் மில்லில் லாரி ஓட்டுகிறவர், முப்பது வயது இருக்கும், தொடை ஒவ்வொன்றும் உரல் மாதிரி. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கிளட்சை ஒரு மிதி மிதித்தவர் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாங்க இது, பெடலு கல்லு மாரி இருக்குது? லாரி கூட இதுக்கு மேலு. கேபிள் போயிருக்கும். புதுசு போட்டு வைங்க, வர்ற ஞாயித்துக்கிழம சாயந்திரம் வந்து எடுத்துக்கறேன்."

அவர் போன பிறகு இவர், "வெலைய கொறைக்கறதுக்கு ஒரு சாக்கு" என்று முணுமுணுத்தார். எனக்கு வேறு ஒன்று உறைத்தது. லாரி ஓட்டுகிற காலுக்கே அது கல் மாதிரி இருக்கிறது என்றால், இத்தனை நாள் இவர் குற்றம் சொன்னது எந்தக் காலை? ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை. சொல்லி, புதுக் கேபிள் போட்டு, அப்போதும் கால் நடுங்கினால் என்ன ஆகும்? "அவரு சொன்ன மாரி கேபிளையாவது மாத்தி குடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

இவருக்கு அந்த வேலை தெரியும். பல வருடத்துக்கு முன்னால் ஒருமுறை தானே மாற்றியிருக்கிறார். சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்பேர்ஸ் கடையில் கேபிள் வாங்கி வந்தார். ஞாயிறு காலை டிபன் முடிந்ததும் காரின் பானெட்டைத் திறந்து வைத்தோம். எதிர் வீட்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் பேச வேண்டுமானால் கொஞ்சம் கத்த வேண்டும், எங்களுக்கு அது பழக்கம்.

கேபிளின் ஒரு முனை எஞ்சினுக்குக் கீழே கியர் பாக்ஸ் பக்கத்தில் ஒரு நெம்புகோலில் மாட்டியிருக்கும். இன்னொரு முனை உள்ளே, டேஷ்போர்டுக்கு அடியில், பெடலின் தலையில் கொக்கி போட்டிருக்கும். நடுவில் ஒரு தகட்டு ஓட்டை வழியாக அது எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வருகிறது. எஞ்சின் பக்கத்து நட்டைக் கழற்றுவது நின்றுகொண்டே செய்கிற வேலை. பெடல் பக்கம் அப்படியில்லை. தலை கீழே, கால் சீட்டின் மேலே என்று மல்லாந்து நுழைய வேண்டும்.

"நான் நுழையறேன்" என்றேன்.

"உனக்கு இன்னா தெரியும்?"

"உங்களுக்கு முதுகு புடிச்சிகிச்சின்னா நாலு பேர கூப்ட்டு இழுக்கணும். நான்னா நீங்க ஒருத்தரே போதும்."

முறைத்தார். ஆனால் நகர்ந்துகொண்டார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சீட்டில் காலைப் போட்டு, பெடல்களுக்குக் கீழே தலையை நுழைத்தேன். அறுபதை நெருங்குகிற பெண்ணுக்கு இது அழகான கோலம் இல்லை. எதிர் வீட்டில் ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். கையில் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கொக்கியைக் கழற்றினேன். கால் வைக்கிற ரப்பர் மேட்டில் பழைய மணலும் ஒரு புளிப்பு மிட்டாய்க் காகிதமும் கிடந்தன. மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தின்ற மிட்டாய். அந்தக் காகிதத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"உருவறேன், வுடு" என்று பானெட் பக்கத்திலிருந்து இவர் குரல் கேட்டது.

"இருங்க! உருவாதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் அவர் ஸ்பேனரையே கீழே போட்டுவிட்டார். என்னை அறியாமல் வந்த சத்தம் அது. தறியில் ஒரு பாவு, நீளவாட்டில் ஓடுகிற நூல் வரிசை, நெய்து முடிந்தால் பழைய நூலை அப்படியே உருவி எடுத்துவிட மாட்டார்கள். பழையதின் ஒவ்வோர் இழை நுனியோடும் புதியதின் ஓர் இழையைச் சேர்த்து முறுக்கிப் பிணைப்பார்கள். அப்புறம் பழையதை இழுத்தால், புதியது அதே வழியில், தறியில் தான் நுழைய வேண்டிய கண்ணில் தானே வந்து நிற்கும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு அம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பிணைத்த இழைகளுக்குக் கணக்கில்லை. பேசிக்கொண்டே பிணைப்போம். சிரித்தால் மட்டும் அம்மா முறைப்பாள், மூச்சுக் காற்றில் இழை பறக்கும். பிணைக்காமல் பழசை உருவுவது என்பது எங்கள் வீட்டில் நினைத்துப் பார்க்கக் கூடாத காரியம்.

உள்ளே போய் மேசை இழுப்பறையில் கிடந்த நூல் கற்றையில் எட்டு இழை எடுத்து ஒன்றாக முறுக்கினேன். ஆரணியில் எந்த வீட்டு இழுப்பறையைத் திறந்தாலும் கொஞ்சம் நூல் இருக்கும். மறுபடி தலைகீழாக நுழைந்து, பழைய கேபிளின் கொக்கியில் அதைக் கட்டினேன். "இப்போ உருவுங்க, மெதுவா."

கேபிள் எஞ்சின் பக்கம் நகர, என் நூல் அதன் பின்னாலேயே ஓட்டைக்குள் போனது. இவர் அந்தப் பக்கம் கடைசி வரைக்கும் உருவி எடுத்தபோது, பேட்டரிக்குப் பின்னால், ஒயர்களுக்குக் கீழே, பழைய கேபிள் இருந்த அதே வழியில் நூல் கிடந்தது. இவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போன தடவ இந்த வழிய கண்டுபுடிக்கவே எனக்கு அரை நாளு ஆச்சி" என்றார். என்னிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல அவருக்கு அவ்வளவுதான் வரும். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பழைய கேபிளைத் தரையில் நீட்டிப் போட்டார். ஒரு முனையில் கம்பியின் பிரிகள் அறுந்து முள்ளு முள்ளாக நின்றன. உறையை ஒரு கையில் பிடித்து, உள்ளே இருந்த கம்பியை மறு கையால் இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததும், பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்றைத் தடவிக்கொண்டு கம்பி ஒரு விரல் நீளம் வெளியே வந்தது.

"இது கிரீஸ் இல்லியே" என்று விரலில் தொட்டு மோந்து பார்த்தார். "இன்னா இது? வட சுட்ட வாசன வருது."

எனக்கு மோந்து பார்க்கத் தேவையே இல்லை. எண்ணெய்ச் சட்டியின் அடியில் படிந்து, எவ்வளவு தேய்த்தாலும் போகாத பிசுக்கை எனக்குத் தெரியாதா? தறிக்கு எண்ணெய் விட்டால் வாரத்துக்கு ஒருமுறை துணியால் துடைத்துவிட்டுத்தான் மறுபடி விடுவார்கள். கேபிளின் உறைக்குள் புகுந்து யார் துடைப்பது? நான் பாட்டுக்கு ஊற்றியிருக்கிறேன். அது எஞ்சின் சூட்டில் காய்ந்து, தூசியைச் சேர்த்துக்கொண்டு, கோந்தாகி, கம்பியைக் கவ்விப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெடல் கனத்திருக்கிறது. ஒரே நாளில் கனத்திருந்தால் வண்டியைச் சந்தேகப்பட்டிருப்பார். கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்ததால் தன்னைச் சந்தேகப்பட்டார்.

"எவனோ சர்வீஸ்ல எத்தையோ ஊத்திட்டுக்கறான்" என்றார் இவர்.

புதுக் கேபிளின் முனையை அவர் நூலோடு கட்டிக் கொடுத்தார். உள்ளே போய் நூலை இழுத்தேன். கேபிள் சமர்த்தாக ஓட்டை வழியே என் கைக்கு வந்தது. கொக்கியை மாட்டினேன். அவர் அந்தப் பக்கம் மாட்டி, நட்டைத் திருகித் திருகி, பெடல் முதலில் ஒரு விரல் அளவுக்குச் சும்மா ஆடிவிட்டு அப்புறம் பிடிக்கிற மாதிரி சரி செய்தார். குற்றம் என்னுடையதுதான் என்று இப்போது தெரியும். இருந்தும் இன்னும் அவர் மிதித்துப் பார்க்கவில்லை. பெடல் இலேசாகி, அதையும் அந்தக் கால் தாங்காமல் போனால்?

கையைத் துடைத்துக்கொண்டு வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். இடது காலைத் தூக்கிப் பெடல் மேல் வைத்தார். கல்லை மிதித்துப் பழகிய கால் அல்லவா, முழு பலத்தையும் கொடுத்து மிதித்தார். பெடல் டக்கென்று தரையில் போய் இடித்தது. திடுக்கிட்டுக் காலை எடுத்தார். மறுபடி வைத்தார், இப்போது மெதுவாக. மிதித்தார், விட்டார். மிதித்தபடியே பிடித்துக்கொண்டிருந்தார். நான் கதவுப் பக்கம் நின்று அந்தத் தொடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுங்கவில்லை. எதிர் வீட்டுத் தறி எத்தனை தடவை அடித்தது என்று தெரியாது, அவ்வளவு நேரமும் நடுங்கவில்லை.

"காலு நல்லாத்தான் இருக்குது" என்றார். யாரிடமோ ரகசியம் சொல்வது மாதிரி சொன்னார். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க வியர்வை துடைப்பது போல் துண்டை எடுத்து முகம் முழுக்கத் தேய்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷம் பாதி, மீதி என்ன என்று எனக்குத் தெரியும்.

துண்டை எடுத்தபோது முகம் மாறியிருந்தது. "பதினோரு மாசம். என்ன ஒரு கெழவனா ஆக்கி மூலைல உக்கார வெச்சிட்டான் அந்த மெக்கானிக்கு. ஜல்தி அந்த போன குடு." போனை நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் எண்ணைத் தேடினார். எங்கள் வண்டியை வழக்கமாகப் பார்க்கிற அந்த மெக்கானிக் இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒழுங்காகத் தொழில் செய்கிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார். செய்யாத தப்புக்கு இவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

"போன வைங்க" என்றேன். "அவரு இல்ல. நான்தான் ஊத்தினேன்."

"நீயா? இன்னாத்த?"

"கடலெண்ண. கீச்சு கீச்சுன்னு கத்திகினு இருந்திச்சே, அப்போ. எங்க வூட்ல தறிக்கு விடற மாரி வுட்டேன். ஒரு தடவ இல்ல, நாலு தடவ."

அவர் என்னைப் பார்த்தார். தரையில் கிடந்த கேபிளைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். நாற்பது வருடம் கூட வாழ்ந்த ஆளின் முகத்தில் அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுபடி போனைத் தடவி யாரையோ அழைத்தார். மெக்கானிக்கைத்தான் கூப்பிட்டு என் வண்டவாளத்தைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, ஆரணிலேர்ந்து பேசறேன். நீங்க வர வேணாம்பா. வண்டி குடுக்கல... ஆமா, கேபிள்தான். நீங்க சொன்னது கரெக்டு." போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமல், "ஏறு" என்றார்.

கைகூடக் கழுவாமல் ஏறி உட்கார்ந்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கேபிளா இருக்கும்னு எனக்கு அன்னிக்கே தோணிச்சி" என்றார். "பஸ் ஸ்டாண்டுலயே. ஏற்கனவே மாத்தினவன் தானே, தெரியாதா?"

"அப்பறம் ஏங்க பாக்கல?"

"பாத்து, கேபிளு நல்லா இருந்திச்சின்னா?"

டாக்டரிடம் போகலாம் என்று இரண்டாவது முறை நான் ஏன் கேட்கவில்லை என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் கையெல்லாம் கிரீஸ், அவர் கையெல்லாம் கிரீஸ். அதோடேயே அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "அந்த எண்ண குப்பிய மட்டும் என் கண்ணுல காட்டாத" என்றார்.

பஸ் ஸ்டாண்டைத் தவிர்க்கப் பின்தெரு வழி இருக்கிறது. அவர் அதில் திரும்பவில்லை. நேராக ஓட்டினார். அதே இடத்தில் ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது, பின்னால் ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது. கிளட்சை மிதித்தபடி காத்திருந்தார். நான் அவர் காலைப் பார்க்கவில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் இருந்த பஸ் வழி விட்டது. வண்டி குலுங்காமல் கிளம்பியது.